அறுபத்தெட்டு வயதில் எனக்கு நாற்பத்தைந்து

வாசிகசாலை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்தபோது நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிட்டேன். ஆட்களைக் கண்டால் குசினிக்குள் போவது எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்த பழக்கம். அவரும் விடவில்லை. விறாந்தையில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கதைத்தார்.

"அக்கா, மேடையில ஏறிப் பேசச் சொல்லேல்லை. எழுதித் தந்தால் காணும். கம்பியூட்டர் கொம்பனியில வேலை செய்து இளைப்பாறின ஆள் எங்கட சுருவில் ஊரில நீங்கள் ஒராள்தானே."

"எழுதலாம் தம்பி. பேருக்குக் கீழ வயசு போடாதேங்கோ."

"ஏனக்கா, வெக்கமோ?"

"எந்த வயசைப் போடுறது எண்டு எனக்கே தெரியாது."

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார். பகிடி இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். வயதை மட்டும் திருத்த வேண்டாம். அதை ஏற்கெனவே ஒரு தடவை திருத்திவிட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் மாடிவீடு ஒன்று இருக்கிறது. என் பெரியப்பாவின் மகன் கட்டியது. தெற்கே கடை வைத்திருந்த ஆட்கள், இப்போது எல்லோரும் கனடாவில். வீட்டுப் பூட்டும் திறப்பும் என்னிடம்தான். கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது அலுமாரி, கதிரைகள், கிணற்று மோட்டர், நான் எல்லாம் சேர்ந்தே கைமாறினோம். அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. கூட்டுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் என் வேலை. அல்லைப்பிட்டி வெளிக்காற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடி, தலைமயிர் எழும்பி நிற்க வந்து இறங்கும் இருபது பிள்ளைகளுக்கு இருபது கோப்பை. ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டார்கள். எல்லோருடைய காதிலும் ஹெட்போன் மாட்டியிருக்கும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அங்கே நடந்த வேலை இதுதான். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, தீவுச் சனம் கிளினிக் திகதி எடுப்பதற்குத் தொலைபேசியில் ஒரு இயந்திரம் வைத்திருந்தது. அந்த இயந்திரத்துக்கு ஒரு இளம்பெண்ணின் குரல். "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கும். ஆனால் சனம் சொல்லும் மறுமொழி அதற்கு விளங்க வேண்டுமே. அதற்காகச் சனம் கதைத்ததைத் துண்டு துண்டாக வெட்டி எங்கள் மாடிவீட்டுக் கந்தோருக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு, சொன்னது என்ன என்று தட்டச்சில் அடித்துக் கொடுக்க வேண்டும். அதைப் படித்துப் படித்து இயந்திரம் தமிழ் பழகும்.

இரண்டு வருடம் தேத்தண்ணியோடு போனது. பிறகு ஒரு பிள்ளை பிரான்சுக்குக் கலியாணமாகிப் போக, இன்னும் இரண்டு பேர் கொழும்புக்குப் போக, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனது. ஆட்களைச் சேர்க்கும் வேலை பார்த்த தர்சிகா என்ற பிள்ளை, நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று, ஒலிபெருக்கியில் போன ஒரு குரல் சொன்னதை வாய்க்குள் திருப்பிச் சொன்னதைக் கண்டுவிட்டது.

"அன்ரி, உங்களுக்கு விளங்குதோ? வாங்கோ, இருங்கோ. படிவம் நிரப்புவம்."

படிவம் கணினிக்குள் இருந்தது. எழுத முடியாது, பட்டியலில் இருப்பதைத் தெரிவு செய்யத்தான் முடியும்.

"பிறந்த ஆண்டு?"

"ஐம்பத்தேழு."

தர்சிகா பட்டியலை உருட்டிக்கொண்டே போனது. பிறகு நின்றது. "இல்லை அன்ரி. இதில எண்பதோட முடியுது."

"என்ன முடியுது?"

"ஆண்டு. அதுக்கு முந்திப் பிறந்த ஆக்கள் வேலை கேட்டு வருவினம் எண்டு ஒருதரும் நினைக்கேல்லைப் போல. எண்பதைப் போடட்டே?"

"பிள்ளை, என்ர மூத்தவள் எழுபத்தெட்டாம் ஆண்டு பிறந்தவள்."

"அப்ப அவவுக்கும் இங்க வேலை இல்லை," என்று சொல்லிவிட்டு எண்பதை அழுத்தியது. "அடையாள அட்டையைப் பிறகு ஏத்துவம்."

அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை. என் அடையாள அட்டை பிஸ்கற் பேணிக்குள் அப்படியே கிடக்கிறது. அன்று பின்னேரம் நான் என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவளாக வீட்டுக்குப் போனேன்.

பயிற்சி மூன்று நாள். இரண்டு விரலால் அடிக்கப் பழகினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அங்கே இருந்த முறை.

ஒரு துண்டை மூன்று தரம் கேட்கலாம். விளங்கினால் அடிக்க வேண்டும். விளங்காவிட்டால் 'சத்தம்' என்று ஒரு விசை இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். நாய் குரைப்பதற்கும் வள்ளத்து இயந்திர இரைச்சலுக்கும் உரிய விசை அது. சத்தம் என்று அழுத்திய துண்டு குப்பைக்குப் போகும், இயந்திரம் அதைப் படிக்காது. ஒரே துண்டை மூன்று பேர் தனித்தனியே கேட்பார்கள். இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் அதுதான் சரி. மூன்றாவது ஆள் பிழை. திங்கட்கிழமை சுவரில் உள்ள பெரிய திரையில் எல்லோருடைய பெயரும் வரும். பிழை குறைந்தவர்கள் பச்சை, கூடினவர்கள் சிவப்பு.

முதல் மாதமே என் பெயர் சிவப்பில் வந்தது. காரணம் எளிது. வயதுபோன சனத்தின் குரல் எனக்கு விளங்கியது. பல் இல்லாத வாய், வெற்றிலை அதக்கிய வாய், இழுப்புக்காரர், சொல்ல வந்த நோயை விட்டுவிட்டு மருமகளின் நோயைச் சொல்பவர்கள், எல்லாம் விளங்கியது. நான் அடித்தேன். மற்ற இரண்டு பிள்ளைகள் சத்தம் என்று அழுத்தினார்கள். இரண்டுக்கு ஒன்று. நான் பிழை.

முகாமையாளர் பிரணவன் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு இருபத்தெட்டு வயது. ஒருநாளும் கதிரையில் இருக்கமாட்டார். நின்றபடி வேலை செய்தால் மூளை இளமையாக இருக்குமாம். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் ஒரு புகழ்ச்சி சொல்வார். அதனால் அவர் யாரையாவது புகழ்ந்தால் கந்தோரே பயப்படும்.

"அன்ரி, உங்கட தேத்தண்ணிய அடிக்க ஆள் இல்லை," என்றார். "ஆனால் ஸ்கோர் குறையுது. வயசு ஒரு காரணமா இருக்கலாம். முப்பத்தெட்டு, நாற்பதில காது கொஞ்சம் மந்தமாகும்தானே."

அங்கே எல்லோருக்கும் கண் இருந்தது. என் நரைத்த கொண்டையை எல்லோரும் கண்டார்கள். ஆனால் பதிவில் எண்பது என்று இருந்ததால், அவர்கள் கண்ட நரைக்கு வேறு காரணம் தேடினார்கள். "தீவுத் தண்ணி உப்புச் சவர்தானே, அதுதான் அன்ரிக்கு இப்பவே நரைச்சிட்டுது," என்று ஒரு பிள்ளை என்மேல் இரக்கப்பட்டு, தலைக்கு வைக்க ஒரு எண்ணெயும் வாங்கித் தந்தது. நல்ல எண்ணெய்.

அந்தக் கந்தோரில் முப்பது வயதுக்குப் பிறகு ஒருவருக்கும் பிறந்தநாள் வராது. இருபத்தொன்பது வரை கேக் வெட்டுவார்கள். முப்பதில் கேக் வாங்குவதை எல்லோரும் மறந்துபோவார்கள். ஜெயந்தன் என்று ஒருவர் இருந்தார். முப்பத்தொன்பது வயது. கணினிகளைப் பழுது பார்ப்பவர், அவர் கை வைத்தால் ஓடாத இயந்திரமும் ஓடும். ஞாயிறுதோறும் தலைக்கு மை பூசுவார். ஒரு திங்கள் மை பூச மறந்து வந்துவிட்டார். காதோரம் வெள்ளையாய் நாலு மயிர். செவ்வாய்க்கிழமை பிரணவன் அவரிடம் போய், "அண்ணை, உங்களை மாதிரி அனுபவம் ஒருதருக்கும் இல்லை," என்று தொடங்கினார். ஜெயந்தன் அந்த வசனம் முடிவதற்குள்ளேயே தன் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். "புதியவர்களுக்கு வழிவிடுதல்" என்று அவரை நிறுத்திய கடிதத்தில் இருந்தது. அடுத்த நாள் வலையமைப்பு விழுந்தது. புதியவர் ஒருவர் வந்து, அதை எழுப்புவது எப்படி என்று ஜெயந்தனுக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

வேலை போனால் நான் வீட்டில் தனியே இருந்து சுவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். வாயைத் திறக்காமலே நூறு பேர் கதைப்பதைக் கேட்கக்கூடிய இடம், என்னைப்போல் கூச்சக்காரிக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஜெயந்தனின் கோப்பை அலுமாரியில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்த நாள்தொட்டு எனக்கு ஒரு பயம் பிடித்தது. கிழட்டுக் குரல் எனக்கு மட்டும் விளங்கினால் நான் கிழவி என்று பிடித்துவிடுவார்கள்.

ஆகவே நானும் அழுத்தத் தொடங்கினேன். வயதுபோன குரல் வந்தால், முதல் தரத்திலேயே விளங்கினாலும், விளங்காதவள் போல மூன்று தரம் கேட்பேன். பிறகு சத்தம். ஒரு மாதத்தில் என் பெயர் பச்சைக்கு வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி அழுத்தியதால் பிழை குறைந்து, இயந்திரம் முன்னேறிவிட்டது என்று கொழும்பிலிருந்து பாராட்டும் வந்தது. பிழையாகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் முன்னேற்றம்தானே. எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். இப்படி நாலு வருடம். எத்தனை பேரைச் சத்தமாக்கினேன் என்று கேளாதேங்கோ.

பிறகு அன்னபூரணம் வந்தா.

முதல் துண்டில் அவவின் பின்னால் கோழி கத்தியது. காற்று இரைந்தது. "பிள்ளை, நான் நெடுந்தீவு மேற்கிலயிருந்து அன்னபூரணம் கதைக்கிறன். இவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். கால் விரல் சிவந்து கிடக்கு. ஒரு திகதி வேணும்." இயந்திரப் பெண் சொன்னது: "மன்னிக்கவும், விளங்கவில்லை." நான் மூன்று தரம் கேட்டேன். சத்தம் என்று அழுத்தினேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு அதே கோழி. "பிள்ளை, நான் அன்னபூரணம். விரல் நீலமாப் போச்சுது." மன்னிக்கவும், விளங்கவில்லை. "வடிவாத்தான் சொல்லுறன் பிள்ளை." அழுத்தினேன். மத்தியானச் சோற்றை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மூன்றாவது துண்டில் அவ சத்தம் போட்டுக் கதைத்தா. மணம் வருகிறது என்றா. அதையும் அழுத்தினேன். அழுத்திய விரலைச் சேலையில் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

நாலாவது துண்டில் அவ ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னா. "வி-ர-ல் க-று-த்-து-ப் போ-ச்-சு-து." ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

நான் எழும்பி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பிரணவனிடம் போனேன். நானாக அவரிடம் போனது அதுதான் முதல் தரம்.

"தம்பி, இதை ஒருக்காக் கேளுங்கோ."

அவர் கேட்டார். "ரெண்டு பேர் சத்தம் எண்டு போட்டிருக்கினமே அன்ரி."

"சத்தம் இல்லைத் தம்பி. ஒரு மனுசி. புருசன்ர கால் அழுகுது எண்டு சொல்லுறா. ஆஸ்பத்திரிக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"இது எப்ப பதிஞ்சது எண்டே எங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாசம் பழசாவும் இருக்கும். கேட்டதை வெளியில சொல்லமாட்டன் எண்டு கையெழுத்தும் வைச்சனீங்கள்." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "அது சரி, உங்களுக்கு மட்டும் எப்பிடி விளங்கினது?"

பயத்தில் பொய் வந்தது. "என்ர அம்மாவும் பல்லில்லாமல் இப்பிடித்தான் கதைக்கிறவ."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா இருக்கிறாவோ? கூட்டிக்கொண்டு வாங்கோ! வயசான ஆக்களின்ர கதை மிசினுக்கு விளங்குதில்லை எண்டு முறைப்பாடாம். அறுபது வயசுக்கு மேற்பட்ட ஆக்களின்ர குரல் பதிஞ்சு அனுப்பட்டாம். ஆள் இல்லாமல் ஜனுசனைக் கொண்டு நடுங்கி நடுங்கிக் கதைக்கவைச்சுப் பதியிறம்."

ஜனுசனுக்கு இருபத்திரண்டு வயது. மேல் மாடியில் இரண்டு நாளாக யாரோ நாடகம் பழகுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா செத்து முப்பது வருசம், தம்பி."

"ஐயோ."

"என்ர குரலைப் பதியுங்கோ. எனக்கு அறுபத்தெட்டு நடக்குது."

சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இல்லை அன்ரி. நாற்பத்தைஞ்சு."

"என்னைப் பாருங்கோ தம்பி."

"பார்க்கிறன். பார்க்கிறதை அனுப்ப ஏலாதே. இதில உள்ளதைத்தான் அனுப்பலாம்."

"அடையாள அட்டை கொண்டு வாறன்."

"கொண்டு வந்தால், பொய் வயசு குடுத்து வேலைக்கு வந்தது எண்டாகும். தர்சிகாவுக்கும் பிரச்சினை." இன்னும் உருட்டிப் பார்த்தார். அவருடைய குரல் திடீரென்று மென்மையாகிவிட்டது. "அன்ரி, உங்களை மாதிரிக் காது இந்தக் கந்தோரில ஒருதருக்கும் இல்லை."

எனக்கு விளங்கிவிட்டது.

"ஆவணியோட நாற்பத்தைஞ்சு நிறையுது. அதோட வேலையை விட்டு இளைப்பாற வேணும், கொம்பனிச் சட்டம். நாற்பத்தைஞ்சாவே போங்கோ அன்ரி. மரியாதையா இருக்கும்."

வேலைக்கு வயது கூடிப்போனது. கிழவியாக இருக்க வயது காணாது. இரண்டும் ஒரே திரையில், ஒரே நாளில்.

முப்பதுக்குப் பிறகு கேக் வெட்டாத கந்தோரில் எனக்கு மட்டும் வெட்டினார்கள். நாலும் ஐந்துமாக இரண்டு மெழுகுதிரி. "இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு, வேறை ஒரு தொழில் படியுங்கோ," என்று ஜனுசன் சொன்னான். கிழவன் வேடம் போட்டுப் பழகியதால் அவனுடைய குரல் இன்னும் கொஞ்சம் நடுங்கியது. கனடாவிலிருந்து மூத்தவள் தொலைபேசி எடுத்து, "அம்மா, எனக்கு நாற்பத்தேழு, இன்னும் வேலைக்குப் போறன். நீங்கள் சின்னப்பிள்ளை, வீட்டில இருங்கோ," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்த கடதாசியை அடுப்புக்குள் போட்டுவிட்டு, அடுத்த நாள் காலை குறிகட்டுவானுக்குப் போய் நெடுந்தீவுப் படகேறினேன்.

மேற்கில் இறங்கி அன்னபூரணம் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். படலைக்கு வெளியே நின்றேன். வெள்ளைச் சேலையோடு ஒருத்தி வந்துவிடுவாளோ என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன். முதலில் கோழி வந்தது. எனக்குத் தெரிந்த கோழி. பிறகு, "ஆரது படலேக்க நிக்கிறது? வந்தால் வாரும், இல்லாட்டிப் போம்!" என்று ஒரு ஆண்குரல் ஏசியது. அந்த ஏச்சைப்போல் இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

அவர் கதிரையில் இருந்தார். இடது காலில் கட்டு. அன்னபூரணத்துக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. உறவு தேடி வந்தனான் என்று ஏதோ சொன்னேன். தேத்தண்ணி தந்தா.

"ரெண்டு விரல் எடுத்திட்டினம்," என்றா. "பக்கத்து வீட்டுப் பெடியன் வள்ளத்தில ஏத்திக்கொண்டு போனது. ஒரு மாசம் முந்தி வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் எண்டு டொக்டர் ஏசினவர். நான் என்ன செய்ய? போன் எடுத்தனான்தானே. அந்தப் பிள்ளைக்குக் காது கேளாது."

"எந்தப் பிள்ளைக்கு?"

"போனில கதைக்கிற பிள்ளைக்கு. பாவம், நல்ல மரியாதையான பிள்ளை, ஒவ்வொருக்காலும் மன்னிப்புக் கேக்கும். இந்த வயசில காது கேளாட்டி ஆர் கட்டப்போறான்? அதின்ர காது திறந்தால் நூறு கற்பூரம் கொளுத்துறன் எண்டு நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"திறந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"எங்க திறந்தது? போன கிழமையும் எடுத்தனான். அப்பிடியேதான்."

அவர் கதிரையில் இருந்து, "ரெண்டு விரல் போனது எனக்கு. நேர்த்தி அதின்ர காதுக்கு!" என்றார்.

தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தேன். அந்தச் செவிட்டுப் பிள்ளை நான்தான் என்று சொல்லாமலே எழும்பி வந்தேன். இந்தக் கட்டுரை அவவின் கைக்குப் போனால், இதுதான் நான் சொன்னது.

பிறகு எனக்கே கண்ணில் புகார் படிந்து பார்வை மங்கியது. கிளினிக் திகதிக்கு அதே இலக்கத்தை அழுத்தினேன். நான் படிப்பித்த இயந்திரப் பிள்ளை எடுத்தது. பெயரைச் சொன்னேன், மூன்றாம் தரம் பிடித்தது. பிறந்த ஆண்டு கேட்டது. "ஐம்பத்தேழு" என்றேன். மன்னிக்கவும், விளங்கவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு. மன்னிக்கவும். கத்தினேன். மன்னிக்கவும். அது என்ன செய்யும்? என் போன்றவர்களைக் குப்பையில் போட்டு வளர்த்த பிள்ளை. பிறகு, தர்சிகா கதைப்பதுபோல் குரலை மேலே தூக்கி, "நைன்ரீன் எய்ற்றி" என்றேன். "நன்றி, உங்கள் பதிவு ஏற்கப்பட்டது," என்றது.

கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை துண்டைப் பார்த்துக் கூப்பிட்டது. "சிவபாக்கியம்! வயசு நாற்பத்தைஞ்சு!" நான் எழும்பிப் போனேன். அது என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"நோயாளி வரேல்லையோ? நீங்கள் அவவின்ர அம்மாவோ?"

"நான்தான் சிவபாக்கியம்."

"அப்ப உங்கட வயசு?"

அத்தனை சனம் இருந்தது. ஒளிய அங்கே குசினி இல்லை. இயந்திரத்தோடு கத்திக் கத்திப் பழகிய வாய். "அறுபத்தெட்டு!" என்றேன். "ஐம்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாசம்!" மண்டபமே திரும்பிப் பார்த்தது.

நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்தது. "கத்தாதேங்கோ அம்மா," என்றது. "எனக்கு விளங்குது."